இன்பசேகரனுக்கு அறுபத்திரண்டு வயது

செத்துப்போனவர்களை வரைவதில் ஒரு வசதி உண்டு. படத்தைப் பார்த்துவிட்டு என் மூக்கு இப்படியா இருக்கிறது என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்பதற்கு அவர்களுடைய பிள்ளைகள் இருந்தார்கள். அப்பாவைக் கொஞ்சம் கலராகப் போடுங்கள் என்பார்கள். அம்மாவின் கம்மல் தங்கமாகத் தெரியட்டும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோதான் இருக்கிறது, மூக்கில் சொருகியிருக்கிற டியூபை மட்டும் எடுத்துவிட்டு லேசாகச் சிரிக்கிற மாதிரி போட முடியுமா என்பார்கள். ஃபீபி எல்லாவற்றுக்கும் முடியும் என்றே பதில் அனுப்பினாள். முடியாது என்று சொன்னால் ஏன் என்று விளக்க வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பு இல்லை.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் குறை தேடித் தோல் பார்ப்பாள். வீட்டுக்கு வந்தால் முகம் பார்ப்பாள். வருஷக்கணக்காக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

ஜெயபுஷ்பம் சிஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டார். வேலூரில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன பிறகும் ஊருக்கெல்லாம் அவர் சிஸ்டர்தான்.

"வீட்டுக்கு வா. உனக்கு ஒரு வேலை வெச்சிருக்கேன்."

வாலாஜாவில் அவர் வீட்டு ஹாலில் ஒரே ஒரு போட்டோ மாட்டியிருந்தது. அடர்ந்த மீசை, நடுவகிடு, அகலக் காலர் சட்டை. பிளாஸ்டிக் மாலையில் தூசி படிந்திருந்தது. சிஸ்டரின் கணவர் இன்பசேகரன். இருபத்தொன்பது வருஷம் முன்னால் பாலாற்றுப் பாலத்தில் லாரி மோதி இறந்துபோனார். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது.

"இவரை வரையணும்" என்றார் சிஸ்டர்.

"போட்டோ தெளிவா இருக்குது சிஸ்டர். அப்பிடியே போட்டுடலாம்."

"அப்பிடியே போடறதுக்கு உன்னை எதுக்குக் கூப்பிடறேன்? இன்னிக்கு இருந்தா எப்பிடி இருப்பாரோ அப்பிடிப் போடு. பக்கத்துல நானும் இருக்கணும்."

ஃபீபிக்கு உடனே பிடிபடவில்லை. சிஸ்டர் காபி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ரிச்சர்டுக்குப் பொண்ணு பாத்திருக்கோம் இல்ல, ஆம்பூர்ல. பொண்ணோட அம்மா போன வாரம் வந்தாங்க. நல்ல மாதிரி தான். வந்து உக்காந்து, இதைப் பாத்துட்டு, இவரு உங்க பெரிய பையனான்னு கேட்டாங்க. மாலை போட்டிருக்குதேன்னு பாவமா வேற கேட்டாங்க."

"ஐயோ."

"அவங்க மேல தப்பில்ல. காலைல எழுந்து பாத்தா எனக்கே பையன் மாதிரி தான் தெரியறாரு. ரிச்சர்டுக்கு முப்பத்திரண்டு. வர்ற வருஷம் அவங்க அப்பாவை எட்டிப் புடிச்சிடுவான். அப்புறம் தாண்டிடுவான்." சிஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பினார். "நான் இவருக்குப் பொண்டாட்டிம்மா. அம்மா இல்ல. நிச்சயத்துக்கு அவங்க எல்லாரும் வரும்போது இந்தச் செவுத்துல நாங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா இருக்கணும். அவ்ளோதான்."

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை முடிந்த அடுத்த வாரம் நிச்சயம். அதற்குள் படம் வேண்டும். ஃபீபி வழக்கம்போல முடியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஒப்புக்கொண்டது தப்பு என்று உறைத்தது. ஏனென்றால் அவளுக்கு வரையத் தெரியாது.

இது யாருக்கும் தெரியாத சங்கதி. வாடிக்கையாளர் அனுப்புகிற போட்டோவை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி எடுப்பாள். பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றை இரண்டு செங்கல்மேல் வைத்து அடியில் பல்பு எரியவிடுவாள். மேலே தாளைப் போட்டுக் கோடு கோடாக ஏற்றிவிடுவாள். நிழல் போடுவதும் இழைப்பதும் அவளுக்குக் கைவந்த வேலை. ஆனால் கோடு அவளுடையது இல்லை. போட்டோ இல்லாமல் ஒரு காதைக்கூட அவள் போட்டதில்லை. அறுபத்திரண்டு வயது இன்பசேகரனுக்குப் போட்டோ எங்கிருந்து வரும்?

தனக்குத் தெரிந்ததையே முதலில் செய்து பார்த்தாள். பழைய போட்டோவைக் கண்ணாடிமேல் வைத்து ஏற்றி, அதன்மேல் நெற்றியில் மூன்று கோடு, கன்னத்தில் இரண்டு, மீசைக்கு வெள்ளை என்று போட்டாள். அதை போனில் படமெடுத்து மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் வஹீதாவிடம் காட்டினாள். கம்பெனியில் இருவருக்கும் ஒரே மேசை. வஹீதா ரசம் சோற்றைப் பிசைந்தபடியே போனை எட்டிப் பார்த்தாள்.

"யாருடி இது? முறுக்கு மாவுல மூஞ்சியைப் போட்டு எடுத்தா மாதிரி."

"வயசானவருடி."

"வயசு அவருக்கு ஆகல. நீ அவரு மேல ஊத்தியிருக்கிற."

சிஸ்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நம்ம சர்ச்சு கிறிஸ்மஸ் டிராமாவுல யோசேப்பு வருவான் பாரு, பஞ்சு தாடி ஒட்டிக்கினு. அவன் மாதிரி இருக்குதும்மா" என்றார்.

ஃபீபி தாளைச் சுருட்டினாள். போட்டோ பார்த்துத்தான் எனக்கு வரும், இது வேண்டாம் சிஸ்டர் என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சுவரில் அந்த இளைஞன் மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அவரு இத்தினி வருஷம் எப்பிடி இருந்திருப்பாரு சிஸ்டர்? அது தெரிஞ்சா தான் மூஞ்சி வரும். இளைச்சிருப்பாரா? சுகர் வந்திருக்குமா?"

"அவங்க அண்ணன் தம்பி எல்லாத்துக்கும் சுகர். இவருக்கும் வந்திருக்கும். நான் வுட்டிருக்க மாட்டேன், மாத்திரை போட வெச்சிருப்பேன்." சிஸ்டருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. "தோல் ஷாப்புல தோல் காயப்போடற வேலையை நாப்பது வயசுல வுட்டிருப்பாரு. எங்க ஆஸ்பத்திரியிலயே அட்டெண்டரா சேத்திருப்பேன். அதனால வெயில் கம்மி. முடி கொட்டியிருக்கும். அவங்க அப்பாவுக்கு முழு வழுக்கை. முன்பல்லு ஒண்ணு ஆடிக்கினே இருந்துச்சு, அது போயிருக்கும். கட்டுன்னு சொன்னா கட்ட மாட்டாரு, அடம்."

சொல்லச் சொல்ல ஃபீபி குறித்துக்கொண்டாள். சட்டென்று சிஸ்டர் நிறுத்தினார். தெருவில் யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் முனை திரும்பிக் கேட்காமல் போகும்வரை அவர் பேசவில்லை.

"குடிப்பாரும்மா" என்றார். "ரிச்சர்டுக்குத் தெரியாது. லாரி மோதுன அன்னிக்கும் குடிச்சிருந்தாரு. லாரிக்காரன் மேல தப்பில்ல."

ஃபீபி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்பிடியே குடிச்சிக்கினு இருந்திருந்தா அந்த மூஞ்சி எப்பிடி ஆயிருக்கும்னு எனக்குத் தெரியும். வார்டுல தினம் அதைத் தான் பாத்தேன். ஊதி, மஞ்சளாயி. அதைப் போடாத." கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். "ரிச்சர்டை எல்கேஜி சேக்கிற அன்னிக்கு நிறுத்திடறேன்னு சொன்னாரு. அதுக்குக் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லோ தான் போய்ட்டாரு. சொன்னா செய்யற ஆளு தான். நிறுத்தியிருப்பாரு. நிறுத்தினவரு மூஞ்சியாப் போடு."

நிறுத்தினவர் முகம் எப்படி இருக்கும் என்று ஃபீபி கேட்கவில்லை.

அன்று முதல் அவள் தேட ஆரம்பித்தாள். பிறகு பார்க்கலாம் என்று போனில் சேர்த்து வைத்த ஓவிய வீடியோக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பெரும்பாலானவற்றில் ஒரு கை வேகவேகமாக வரைந்தது, பாட்டு ஓடியது, படம் முடிந்தது. பார்க்க ஆச்சரியமாக இருந்தது. கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. பணம் கட்டிப் பாதியில் விட்ட ஆன்லைன் வகுப்பு ஒன்று இருந்தது. அதில் அந்த வாத்தியார் மூன்று பாடமும் பென்சில் சீவுவதைப் பற்றியே பேசியிருந்தார். ஓவியர்கள் வாட்ஸப் குரூப்பில் யாரோ எப்போதோ போட்ட பிடிஎஃப் ஒன்றைத் திறந்தாள். மண்டையோட்டிலிருந்து முகத்தைக் கட்டுவது எப்படி என்று படம் படமாகப் போட்டிருந்தது. அது உதவியது. வயது தோலின்மேல் எழுதப்படுவதில்லை, உள்ளே எலும்பு அப்படியே இருக்க மேலே இருப்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது என்று அதில்தான் புரிந்துகொண்டாள். கண்ணாடிப் பலகையைத் தொடாமல் கம்பெனி பஸ்ஸில் போகவர மண்டையோடாக வரைந்தாள். பஸ் குலுங்கியதில் பாதி மண்டையோடுகள் கோணின.

கடைசியில் ஒரு வீடியோ கிடைத்தது. ஏதோ குளிர்ப் பிரதேசத்தில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு வயதான பெண்மணி, மணிக்கணக்காக, அவசரமே இல்லாமல், நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒரு கிழவரின் முகத்தைப் போட்டார். பேசியது பாதி விளங்கவில்லை. அவர் எங்கே பார்க்கிறார் என்பது விளங்கியது. தாளை ஒருமுறை பார்த்தால் ஆளைப் பத்துமுறை பார்த்தார். ஃபீபி ஆளைப் பார்த்து வரைந்ததே இல்லை.

ஆனால் அந்தக் கிழவர் வெள்ளைக்காரர். வெள்ளைத் தாளில் நிழலை மட்டும் போட்டால் அவர் வந்துவிடுவார். இன்பசேகரன் வரமாட்டார். எவ்வளவு கருப்பு ஏற்றினாலும் கரி பூசினமாதிரிதான் இருந்தது. நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் தாள் வீட்டில் கொஞ்சம் கிடந்தது. சும்மா அதில் போட்டுப் பார்த்தாள். முகத்தின் நிறம் ஏற்கெனவே அங்கே இருந்தது. இருட்டுக்குக் கருப்புப் பென்சில், வெளிச்சத்துக்கு ஏதாவது வேண்டும். பையைத் துழாவியதில் கம்பெனி சில்வர் பேனா கையில் வந்தது. தோலில் உண்ணிக் கடி, முள்கம்பிக் கீறல், கத்தி பட்ட இடம் எங்கே இருந்தாலும் அந்தப் பேனாவால் அவள் வட்டம் போடுவாள். வெட்டுகிறவர்கள் வட்டத்தை ஒதுக்கிவிட்டு வெட்டுவார்கள். அதே பேனாவால் மூக்கு நுனியில் ஒரு புள்ளி வைத்தாள். மூக்கு தாளிலிருந்து எழும்பியது.

இனி ஆள் வேண்டும். முத்துக்கடை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கிழவர்களைப் பார்த்தாள். ஒருவர் அவள் பார்வையைக் கண்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "இன்னாம்மா, யாரைத் தேடற?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டாள். யாரைத் தேடுகிறாள் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. சிஸ்டர் சொன்ன அந்த நிமிஷத்திலேயே தெரிந்திருந்தது. வீடியோவையும் பிடிஎஃபையும் இத்தனை நாள் சுற்றிச்சுற்றி வந்ததே அங்கே போகாமலிருக்கத்தான்.

அவளுடைய அப்பா குடியை நிறுத்திப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மா இறந்த பிறகு வீட்டில் இருவர்தான். சாப்பாடு, தண்ணீர் வருகிற நேரம், கரண்ட் பில் என்று பேச வேண்டியதைப் பேசிக்கொண்டார்கள். சின்ன வயதில் அவர் படியேறுகிற சத்தத்தை வைத்தே அன்று எவ்வளவு குடித்திருக்கிறார் என்று ஃபீபி கண்டுபிடித்துவிடுவாள். பிறகு புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். முகத்தைப் பார்த்தால் வம்பு. அவர் நிறுத்திவிட்டார். அவள் பார்க்காமலிருப்பதை நிறுத்தவில்லை.

சனிக்கிழமை மதியம் அவர் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கொஞ்ச நேரம் அசையாம உக்காருவீங்களா? வரையணும்."

"என்னையா?" ரிமோட்டைத் தேடி டிவியை அணைத்தார். "போட்டோ எடுத்துக்கோயேன் பாப்பா. உனக்கும் பேஜார் இல்ல."

போன் கையில்தான் இருந்தது. எடுத்தால் கண்ணாடிப் பலகை இருக்கிறது, அரைமணி நேரத்தில் ஏற்றிவிடலாம். அவள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"போட்டோ வேணாம்பா."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தாள் வீணாகியது, இரண்டாவதும். மூன்றாவதில் மண்டை அமைந்தது.

"யாருக்கு இது?"

"செத்துப் போன ஒருத்தரு. உயிரோட இருந்தா இப்பிடி இருப்பாருன்னு வேணுமாம்."

"பொணத்துக்கு நான் மாடலா?" வாயை அசைக்காமல் சிரித்தார். சிறிது நேரம் கழித்து, "ஊர்ல எத்தினியோ கெழவனுங்க. ஏன் என் மூஞ்சி?"

ஃபீபி பென்சிலைத் தேவையில்லாமல் சீவினாள். சீவி முடித்த பிறகும் கேள்வி அங்கேயே இருந்தது.

"குடிச்சிட்டு இருந்தவராம். நிறுத்தினவரு மூஞ்சியா வேணும்னாங்க."

அவர் அசையவில்லை. அசைய வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்ததால் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"அது மூஞ்சியில தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"எங்க?"

அவள் பென்சில் முனையைக் காற்றிலேயே நீட்டி, தொடாமல் காட்டினாள். கண்ணுக்குக் கீழே. ஒருதரம் ஊதிப்போன தோல் வற்றிய பிறகு பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. இரண்டு சின்னப் பைகளாக மடிந்து நின்றுவிடுகிறது. தோல்மேசையில் வயிற்றுப் பக்கத் தோலைத் தடவும்போது விரலுக்குத் தெரிகிற அதே தளர்வு. பிறகு வாய். உதடுகள் சாதாரணமாக மூடியிருக்கவில்லை. யாரோ ஏதோ நீட்டுகிறார்கள், வேண்டாம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதுபோல மூடியிருந்தன. இத்தனை வருஷமாக இந்த வீட்டுக்குள் அந்த வாய் இப்படித்தான் இருந்திருக்கிறது.

அவள் தாளைவிட அவரையே அதிகம் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளிச்சம் போகும்வரை வரைந்தாள்.

அந்த முகத்தை அவள் அப்படியே தூக்கி வைக்கவில்லை. இன்பசேகரனின் எலும்பில், இன்பசேகரனின் காதுக்கும் அடத்துக்கும் நடுவில், அப்பாவின் அந்த இரண்டு இடங்களை மட்டும் ஏற்றினாள். சிஸ்டரையும் ஒரு மாலை நேரில் உட்கார வைத்து வரைந்து பக்கத்தில் சேர்த்தாள். கம்பெனியில் வஹீதா பார்த்துவிட்டு, "இவரு ஓகே. இவரு கையால டீ வாங்கிக் குடிக்கலாம்" என்றாள்.

அறுப்பின் பண்டிகை முடிந்த வாரம் ஃபிரேம் போட்டு எடுத்துக்கொண்டு வாலாஜா போனாள். சிஸ்டர் படத்தைச் சோபாவில் சாய்த்து வைத்துவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்தார். ஃபீபி நின்றுகொண்டே இருந்தாள். இவ்வளவு நேரம் யாரும் அவளுடைய படத்தைப் பார்த்ததில்லை. வழக்கமாக ஒரு சூப்பர், ஒரு கைகூப்பு, அதோடு முடிந்துவிடும்.

"கண்ணுக்குக் கீழ..." என்று சிஸ்டர் ஆரம்பித்தார்.

"ஜாஸ்தியாப் போட்டுட்டேனா சிஸ்டர்? கம்மி பண்ணிடலாம்."

"இல்ல. இருக்கட்டும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கஷ்டப்பட்டுத் தான் நிறுத்தியிருக்காரு, பாவம்."

பழைய போட்டோவைக் கழற்றி மாலையோடு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். ஃபீபி நாற்காலிமேல் ஏறிப் புதுப் படத்தை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கேஸ் சிலிண்டர் உருளும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்த ஆள். சிலிண்டரை ஹாலில் இறக்கிவிட்டு போனை எடுத்தார்.

"ஓடிபி சொல்லுங்கம்மா."

"வரலியே."

"ஐயா நம்பருக்குப் போயிருக்கும்." அவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா இல்லீங்களா? வெளிய போயிருக்காரா?"

ஃபீபி நாற்காலிமேலேயே நின்றாள். சிஸ்டர் மேசைமேல் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"ஆமா, வெளிய போயிருக்காரு" என்றார். "நம்பர் என்னுது தான். இரு, பாக்கறேன்."

திரும்பும் பஸ்ஸில் போனைத் திறந்தால் இரண்டு புது ஆர்டர்கள் வந்திருந்தன. ஒன்று குழந்தையின் முதல் பிறந்தநாள். இன்னொன்றில் தாத்தாவைக் கொஞ்சம் கலராகப் போட வேண்டுமாம். பதில் எழுதக் கை வரவில்லை. முடியும் என்றே நாளைக்கு எழுதுவாள் என்று அவளுக்கே தெரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா அதே நாற்காலியில் இருந்தார். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கைகால் கழுவி, தட்டை எடுத்து வைக்கும்வரை கேட்காமலிருந்துவிட்டுக் கேட்டார்.

"படம் கேட்டவங்க இன்னா சொன்னாங்க?"

ஃபீபி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கஷ்டப்பட்டுத் தான் நிறுத்தியிருக்காருன்னு சொன்னாங்கப்பா."

அவர் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் குறைத்தார்.